இருபத்து மூன்று நாள்

ஜனவரி 27

சகோதரிக்கு,

ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. போதும்.

உன் தபால் நேற்று வந்தது. வழக்கம்போல ரவிக்கை அளவுச் சீட்டின் பின்பக்கம் நாலு வரி. "தை இரண்டு, கனுப்பிடி வைத்தேன். காக்கை வந்து எடுத்தது. கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அங்கே பால் பொங்கிச்சா?" கூடவே மஞ்சள் இலைத் துண்டு ஒன்று, வந்து சேருவதற்குள் தூளாகி. இது ஐந்தாவது சீட்டு. ஐந்தையும் வைத்திருக்கிறேன். பாசத்தால் அல்ல. எனக்கு எந்தக் காகிதத்தையும் கிழித்துப் பழக்கமில்லை.

இனிமேல் அனுப்பாதே. மஞ்சள் இலையில் நாலு உருண்டைச் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட்டுவிட்டால் அண்ணனுக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது என்று உனக்கு நினைப்பு. செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்ய வேண்டிய நாளில் நீ செய்யவில்லை.

நினைவூட்டுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் டிசம்பர் இருபதாம் தேதி நானே போன் செய்தேன். "அப்பாவுக்கு எப்படி இருக்கு, இப்பவே கிளம்பி வரட்டுமா?" என்று கேட்டேன். நீ சொன்னது வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "என்ன அவசரம்ண்ணா? தை பிறக்கறவரைக்கும் அப்பா எங்கேயும் போக மாட்டாரு. நீ அந்தப் பத்தாம் தேதி டிக்கெட்லயே வா." ஏழே நாளில் அப்பா போய்விட்டார். இரண்டு விமானம் மாறி நான் வந்து இறங்கியபோது சாம்பலையும் கரைத்தாகிவிட்டது. மகன் செய்ய வேண்டியதையெல்லாம் உன் வீட்டுக்காரர் மொட்டைத் தலையோடு செய்து முடித்திருந்தார். எனக்கு மிச்சம் வைத்தது ஒரு டம்ளர் காப்பி.

பண்டிகையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சூரியன் தெற்கே போய் நின்று வடக்கே திரும்புகிற நாள், தேவர்களுக்குப் பொழுது விடிகிற நேரம், அதற்குப் பிறகு போகிற உயிருக்கு வழி திறந்திருக்கும், எல்லாம் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக மொட்டை மாடியில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் அட்டை மாட்டி, சூரியன் அதில் சுடுகிற கோட்டை அளப்பதுதான் என் பிழைப்பு. சூரியன் திரும்புவது டிசம்பர் இருபத்திரண்டில். உங்கள் பஞ்சாங்கம் இருபத்து மூன்று நாள் பின்தங்கி ஓடுகிற கடிகாரம். இதை அப்பாவுக்கே எழுதியிருக்கிறேன்.

ஆகவே பால் பொங்கியதா என்று என்னைக் கேட்காதே. இங்கே பாலை யாரும் வழிய விடுவதில்லை.

(கையெழுத்து)
முதுநிலை நோக்கர், வானிலைப் பதிவு நிலையம்


தை 24

அன்புள்ள அண்ணா,

திட்டாவது வந்ததே. தபால்காரர் உன் உறையை நீட்டியதும் தையல் மெஷினை மிதித்தபடியே பிரித்துவிட்டேன். ஊசி விரலில் ஏறியது. ஒரு மாமியின் பட்டு ரவிக்கையில் ஒரு சொட்டு ரத்தம். உன்னால்தான். உப்புத் தண்ணீர் போட்டு எடுத்துவிட்டேன், பயப்படாதே.

இவர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "உங்க அண்ணன் எழுத்து முத்து முத்தா இருக்கு. உள்ளேதான் வேப்பெண்ணெய்" என்றார். கடைசியில் பதவியைப் பார்த்துச் சிரித்தார். தங்கச்சிக்கு எழுதும்போதுகூட முத்திரை குத்தித்தான் அனுப்புவாயா?

நான் சண்டை போட வரவில்லை. போகிவரைக்கும் புதுத்துணி தைத்துத் தைத்து இடுப்பு விட்டுப் போச்சு. ஊரெல்லாம் வாசலில் கோலம், மஞ்சள் கொத்துக் கட்டின பானை, பால் பொங்கி வழியறப்போ எல்லா வீட்டிலிருந்தும் சத்தம். நம் வீட்டில் மட்டும் கேஸ் அடுப்பில் வெறும் சோறு. உனக்குத் தெரியாது, அப்பா போனதிலிருந்து நான் பானை வைக்கவில்லை. தீட்டு ஒரு வருஷம்தான், அதற்கப்புறம் வைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் நம் வீட்டில் முதல் கைப்பிடி அரிசியை யார் போடுவது? சூரியனைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றி அப்பாதான் போடுவார். அவருக்குப் பிறகு அது உன் கை. நீ இல்லாமல் எப்படிப் போட? பானை பரண்மேலே சாக்குக்குள் கிடக்கிறது. கனு மட்டும் விடாமல் வைக்கிறேன். அது கூடப்பிறந்தவனுக்கு. அதை எப்படி விடுவேன்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பட்டாசுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆவணியில். நீ அந்தப் பெயர் வைத்தபோது அவளுக்கு மூன்று வயசு, இன்றைக்கும் வெடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் எதிரிலேயே, "எங்க மாமா வரலேன்னா நான் மணையிலே உக்கார மாட்டேன்"னு சொல்லிவிட்டாள். அவர்கள் முகத்தைப் பார்க்கணுமே! அடுத்த தையில் அவளுக்குத் தலைப்பொங்கல். பிறந்த வீட்டில் பானை ஏறாமல் தலைப்பொங்கல் உண்டா அண்ணா? தாய்மாமன் சீர் ஒன்றும் வேண்டாம். நீ வந்து ஒரு கைப்பிடி அரிசி போட்டால் போதும். வர முடியாது என்றால், போடு என்று ஒரு வரி எழுது. உன் வாய் வார்த்தை இல்லாமல் அந்தப் பானையை இறக்க மாட்டேன்.

அந்த நாளைப் பற்றி நீ கேட்டதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை. அப்பாவும் கேட்டது கிடைத்த பிறகுதான் போனார். இதற்கு மேல் கிளறாதே.

தங்கச்சி


பிப்ரவரி 16

சகோதரிக்கு,

'கிளறாதே' என்று எழுதினால் நான் கிளற மாட்டேன் என்று எதிர்பார்த்தாயா?

உன் கடிதத்தில் கல்யாணம் இருக்கிறது, பானை இருக்கிறது, ரவிக்கையில் சொட்டிய ரத்தம்கூட இருக்கிறது. என் கேள்விக்குப் பதில்தான் இல்லை. "கேட்டது கிடைத்தது" என்றால் என்ன? என்ன கேட்டார்? யார் கொடுத்தது?

தை பிறக்கும்வரை போக மாட்டார் என்றாய். மார்கழி பாதியில் போனார். நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. உன் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு என் எதிரில் வரும்போதெல்லாம் தரையைப் பார்த்து நடந்தார். கேட்டால் "விடுங்க மச்சான், நல்ல சாவு" என்றார். நல்ல சாவு! பார்க்காத மகனிடம் சொல்கிற வார்த்தையா அது?

நாற்பது நாள் படுக்கையில் கிடந்தவரைத் துடைத்துக் கழுவிக் களைத்துப் போனவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யக்கூடும் என்று எனக்குத் தெரியும். மருந்து கொடுக்காமல் விட்டாயா? ஆக்ஸிஜனைக் கழற்றச் சொன்னாயா? சொல்லிவிடு. அதைச் சொல்லும்வரை என்னிடம் அரிசியும் கேட்காதே, ஆசீர்வாதமும் கேட்காதே. பட்டாசிடம், மாமா செத்துவிட்டார் என்று சொல்லிவிடு.

(கையெழுத்து)
முதுநிலை நோக்கர்


மாசி 25

அண்ணா,

பத்து நாள் கடிதத்தைப் பரணில் பானைக்குள் போட்டு வைத்திருந்தேன். இவர், "சொல்லிடு. நீ கொலைகாரின்னு அவர் நம்பிட்டு இருக்கறதைவிட அது மேல்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீ அப்படி எழுதிவிட்டாய்.

அப்பாவுக்கு நுரையீரல் எப்படி ஆகிவிட்டது என்று உனக்குத் தெரியும். படுக்க முடியாது. படுத்தால் மூச்சு அடைக்கும். என் தையல் முக்காலியின்மேல் தலையணையை வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார். நாற்பது நாள் அப்படித்தான். ஒவ்வொரு மூச்சும் ஈரத்துணியைப் பிழிவதுபோல் சத்தம். டாக்டர் வெளியே கூப்பிட்டு, "இவர் எதைப் பிடிச்சிட்டு இருக்காருன்னே தெரியலம்மா" என்றார். எனக்குத் தெரியும். தையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் எப்படிப் பேசுவார்? "என் வண்டி தை ஒண்ணு, காலையில. அதுக்கு முன்னாடி எடுக்க மாட்டேன். பெரியவனுக்கும் அதுக்குள்ள வந்துடச் சொல்லு" என்பார். தினமும் விடிந்ததும் முதல் வார்த்தை, "தை பிறந்துடுச்சா?" நான் நாட்காட்டித் தாளைக் கிழித்துக் காட்டுவேன். இல்லை என்று தெரிந்ததும் தலையணையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பஸ் நேரத்தை நம்புவதுபோல நானும் நம்பினேன் அண்ணா. அதனால்தான் போனில் உன்னிடம் அவசரமில்லை என்றேன். இவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

நடுவில் ஒருநாள், "பெரியவன் சூரியனைத்தானே தினம் அளக்கிறான்? அது எப்போ திரும்பும்னு அவனைக் கேட்டு எழுது" என்றார். எழுதினேன். உன் பதில் மார்கழி பதினொன்றாம் தேதி வந்தது. அப்பா படிக்கச் சொன்னார். படித்தேன். 'டிசம்பர் இருபத்திரண்டாம் தேதியே சூரியன் திரும்பிவிடும். உங்கள் பஞ்சாங்கம் இருபத்து மூன்று நாள் பின்தங்கி ஓடுகிற கடிகாரம்.' சத்தமாகத்தான் படித்தேன்.

அப்பா இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். மூன்று தரம் படிக்க வைத்தார். அப்புறம் சிரித்தார் அண்ணா. அந்த மூச்சிலே சிரித்தார். "அட, வண்டி போய் நாலு நாள் ஆச்சா? நான் இன்னும் ஸ்டாண்டிலேயே உக்காந்துட்டு இருக்கேன் பாரு!" என்றார். நான், "அதெல்லாம் அவன் ஆபீஸ் கணக்குப்பா, நமக்குத் தை ஒண்ணுதான்" என்றேன். "போடி. சின்ன வயசிலேயே என் கைக்கடிகாரத்தைத் திருத்தினவன் அவன். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அப்புறம் தலையணையை விட்டார். கஞ்சி கேட்டார். நாலு வாய் குடித்தார். தேறிவிட்டார் என்று நினைத்தேன், மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வெயில் கட்டில்வரைக்கும் வந்தது. உள்ளங்கையை அதில் நீட்டி வைத்துக்கொண்டு, நாற்பது நாளில் முதல் தடவையாக மல்லாந்து படுத்தார். பத்து மணிக்கு நான் ஒரு பொத்தான் துளைக்குக் காஜா கட்டிவிட்டு நிமிர்ந்தேன். சத்தம் நின்றிருந்தது.

நான் அந்த வரியைத் தாண்டிப் படித்திருக்கலாம். இன்னும் பத்தொன்பது நாள் பிடித்திருப்பார், நீயும் வந்து பார்த்திருப்பாய். படிக்கும்போதே எனக்கு உள்ளே ஏதோ சொன்னது. ஆனால் அவர் விடுகிற மூச்சையும் கேட்டுக்கொண்டுதானே படித்தேன்? என் தப்பா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. அதோடுதான் அனுப்பினோம். நீ வந்த அன்று இவர் தரையைப் பார்த்து நடந்தது அதனால்தான். ஐந்து வருஷமாக நீ என்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே இரு என்றுதான் விட்டிருந்தேன். திட்டினால் தூங்கிவிடலாம். இது தெரிந்தால் நீ தூங்க மாட்டாய்.

தங்கச்சி


புரட்டாசி 3

அண்ணா,

ஆறு மாசத்துக்கு மேல் ஆகிறது. நான் சொல்லியிருக்கக் கூடாது.

கல்யாணம் நன்றாக நடந்தது. பட்டாசு மணையில் உட்கார்ந்தாள், ஆனால் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு, "யாரும் உக்காரக் கூடாது, மாமா டீ குடிக்கப் போயிருக்காரு"ன்னு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். வயதான போட்டோக்காரர் அதை நம்பி, கடைசிவரை நாற்காலியையும் சேர்த்தே படம் எடுத்தார். இதோடு ஒன்று வைத்திருக்கிறேன்.

பானை பரண்மேலேதான் இருக்கிறது.

தங்கச்சி


மார்கழி 12

தங்கச்சிக்கு,

தேதியைப் பார்த்து நீ சிரிப்பாய். நாற்காலிப் படம் மேஜைமேல் இருக்கிறது. பலமுறை எழுதத் தொடங்கினேன், எல்லாம் உத்தியோகக் கடிதமாகவே வந்தது. ஆவணியில் டிக்கெட் எடுத்தேன், பெட்டியும் கட்டினேன், முதல்நாள் போய் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பட்டாசிடம், மாமா டீயை இன்னும் குடித்து முடிக்கவில்லை என்று சொல்.

பிப்ரவரியில் உனக்கு நான் எழுதியதைத் திருப்பி எடுக்க முடியாது. மன்னிப்புக் கேட்கிறேன் என்ற சொல் அதற்குப் போதாது, அதனால் கேட்கவில்லை. நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். உன் தப்பா என்று. இல்லை. நீ படித்தது நான் எழுதியதை. அந்த வரியை நான் அப்பாவுக்குப் பதில் சொல்வதற்காக எழுதவில்லை. அவர் கடிகாரத்தைத் திருத்திய நாளிலிருந்து நான் எழுதுவதெல்லாம் ஜெயிப்பதற்குத்தான். அவருக்கு உடம்பு எப்படி என்று அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. மூன்று பக்கமும் சூரியன்தான்.

அவரை வலியிலிருந்து விடுவித்தது அந்த வரிதான் என்று நீ நினைக்கிறாய். இருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டு தூங்கிப் பார்த்தேன். நீ எழுதியது சரி, தூக்கம் வரவில்லை.

இன்றைக்கு அப்பா போன தேதி. பதிவறைச் சாவியை வாங்கி, ஆறு வருஷத்துக்கு முந்தின டிசம்பர்க் கட்டை இறக்கினேன். ஒவ்வொரு மாதத்து அட்டைகளையும் நாடா போட்டுக் கட்டி வைப்போம். இருபத்தாறாம் தேதி அட்டையில் அரைக் கோடு. இருபத்தெட்டில் காலையிலிருந்து மாலைவரை நல்ல கறுப்புக் கோடு. நடுவில் இருபத்தேழாம் தேதி அட்டையில் ஒன்றுமே இல்லை. அட்டையின் நீலம், வெறும் நீலம். அன்றைக்கு இங்கே விடிந்ததிலிருந்து மேகம். பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. டீ கொண்டுவருகிற ஆள், "சார், இன்னைக்கு சூரியன் லீவு. நீங்களும் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். நான் சிரித்தேன். எப்போதாவதுதான் சிரிப்பேன், அதனால் மறக்கவில்லை. அந்த நேரத்தில் உன் ஜன்னலில் வெயில் இருந்திருக்கிறது. அவர் கை அதில் இருந்திருக்கிறது.

சாயங்காலம் நான் மாடிக்குப் போய், கண்ணாடிக் குண்டைத் துடைத்து, அந்த அட்டையை எடுத்து, பின்னால் தேதி எழுதி, 'ஒளி: பூஜ்யம்' என்று குறித்து, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுத்து ஆடாமல் அழகாகத்தான் இருக்கிறது. அன்று முழுக்க லைன் கிடைக்காமல், உன் போன் வந்தது மறுநாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் பதிவறையிலிருந்து ஒரு காகிதத்தைக்கூட நான் வெளியே கொண்டுபோனதில்லை. இந்த அட்டையை எடுத்துவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். தாய்மாமன் சீர் என்று இதைச் சொல்ல முடியாது. வேறு எதுவும் என் கையில் இல்லை.

பானையை இறக்கு. பட்டாசு போடட்டும் முதல் கைப்பிடியை. அப்பா போல மூன்று சுற்றுச் சுற்றி, சூரியனைப் பார்த்து. தை ஒன்றாம் தேதியே வை. சூரியன் எப்போதோ திரும்பிவிட்டது என்று நான் வாதாட மாட்டேன். பரணில் ஆறு வருஷம் கிடந்த பானை, ஒரு நாள் முன்பே தண்ணீர் ஊற்றி ஊற வை, இல்லாவிட்டால் விரிசல் விட்டுவிடும். அந்தக் காலையில் நான் மாடியில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்பேன். வருகிறேன் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. அந்தப் பானைக்கு முன்னால் வந்து நிற்க எனக்கு இன்னும் முகமில்லை.

மறுநாள் கனு வைப்பாய். வைக்காதே என்று ஜனவரியில் எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிடு. பால் பொங்கிச்சா என்று மட்டும் எழுது.

'இப்படிக்கு' என்று எழுதி வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறேன். பதவியைப் போட்டால் நீ சிரிப்பாய், சிரிக்கட்டும் என்றுகூடப் போடலாம். அண்ணன் என்று போட வரவில்லை. அட்டையின் பின்னால் அன்றைக்குப் போட்ட கையெழுத்து ஒன்று இருக்கிறது, ஒன்றும் தெரியாமல் போட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட மாட்டேன். 'இப்படிக்கு' என்பதையும் அடித்துவிட்டேன். தபால்பெட்டியைக் காலி செய்ய வண்டி வருகிற நேரம். இப்படியே ஒட்டிப் போட்டுவிடுகிறேன்.